படர்தாமரையும் பூனைக்குட்டியும்

நுழையும்முன்

நோய்களுக்கு மனிதர் இட்ட பெயர்களில் அவர்கள் கண்டதும் இருக்கும். கண்டதாக எண்ணிக்கொண்டதும் இருக்கும். பெயரில் தாமரையும் புழுவும் இருந்தும், தன்னிடம் அவ்விரண்டுமே இல்லாத ஒரு தோல்நோயைப் பற்றிய கட்டுரை இது. அந்நோய் சில வேளைகளில் நாம் மடியில் வைத்துக் கொஞ்சும் பூனைக்குட்டியின் வழியாகவும் வருகிறது.

தாமரை என்றவுடன் குளமும் அதில் விரிந்த இலையும் மலரும் நம் நினைவுக்கு வரும். ஆனால், நம் வீட்டுப் பெரியவர்கள் ‘படர்தாமரை’ என்று சொல்லும்போது எந்த மலரையும் குறிப்பதில்லை. தோலின்மேல் வட்டமாகத் தோன்றி, நாளுக்கு நாள் விளிம்பு விரிந்து, ஓயாமல் அரிக்கும் ஒரு நோய்க்குத் தமிழர் இட்ட பெயர் அது. நீர்ப்பரப்பில் வட்ட வட்டமாகப் படரும் தாமரை இலைகளைக் கண்டவர்க்கு அப்பெயரின் பொருத்தம் தானே விளங்கும்.

தமிழகத்திற்கு வெளியே வளரும் உங்கள் காதுகளில் இந்நோயின் வேறு பெயர்களும் விழுந்திருக்கக்கூடும். தெலுங்கர் இதனைத் ‘தாமர’ என்றே கூறுவர். இந்தி பேசுவோர் ‘தாத்’ என்பர். ‘தத்ரு’ என்னும் வடசொல்லின் வழிவந்தது அது. மராத்தியர் ‘கஜகர்ண’ என்பர். யானையின் காது என்பது அதன் பொருள். மலையாளத்தில் ‘புழுக்கடி’ என்னும் பெயர் வழங்குகிறது. ஆங்கிலத்திலோ ‘ரிங்வார்ம்’, அதாவது வளையப்புழு. தாமரையைக் கண்டவர்களும் யானைக் காதைக் கண்டவர்களும் உருவத்தைப் பார்த்துப் பெயரிட்டனர். புழு என்றவர்கள் காரணத்தைச் சொல்ல முயன்றனர்; அம்முயற்சி தவறிவிட்டது. இந்நோயில் புழு எதுவும் இல்லை. அவ்வகையில் நம் பெயரே மேலானது என்று சிறிது பெருமை கொள்ளலாம். ஆயினும் தமிழரும் முற்றிலும் தப்பிவிடவில்லை. தலைமுடி திட்டாக உதிர்வதை நாம் ‘புழுவெட்டு’ என்கிறோமே, அதிலும் புழு இல்லை. அதனைப் பின்னர்க் காண்போம்.

படர்தாமரையை உண்டாக்குவது பூஞ்சை. ஊறுகாய்ச் சாடியில் ஈரக்கரண்டியை இட்டுவிட்டால் சில நாளில் வெண்ணிறமாகப் பூசணம் பூத்துவிடுகிறது. மும்பையின் மழைக்காலத்தில் அலமாரிக்குள் வைத்த தோல்செருப்பின்மேல் சாம்பல் நிறத்தில் ஒன்று படிகிறது. இவையெல்லாம் பூஞ்சை இனத்தைச் சேர்ந்தவையே. பூஞ்சைகளுக்குப் பச்சையம் இல்லை. தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. ஆகவே, ஒவ்வொன்றும் தனக்கேற்ற உணவின்மேல் குடியேறி வாழ்கிறது. ஒன்று ரொட்டியைத் தேர்கிறது. ஒன்று பழத்தைத் தேர்கிறது. படர்தாமரைப் பூஞ்சை தேர்ந்தெடுக்கும் உணவு கெரட்டின் என்னும் புரதம்.

நம் நகமும் முடியும் தோலின் மேலடுக்கும் கெரட்டினால் ஆனவை. விலங்குகளின் உரோமமும் கொம்பும் பறவைகளின் இறகும் அவ்வாறே. தோலின் மிக மேலான அடுக்கில் இருப்பவை இறந்த செல்கள். அவை ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அடியிலிருந்து புதியவை மேலே வந்தவண்ணம் இருக்கின்றன. பூஞ்சை அந்த இறந்த அடுக்கிலேயே தங்கி, கெரட்டினைச் செரிக்கும் நொதிகளைச் சுரந்து, மெல்லிய இழைகளாகப் படர்கிறது. நல்ல உடல்நிலை உள்ள ஒருவரின் உயிருள்ள திசுக்களுக்குள் அது பொதுவாக நுழைவதில்லை. அப்படியானால் தோல் ஏன் சிவக்கிறது? ஏன் அரிக்கிறது? பூஞ்சை வெளியிடும் பொருள்களை அயலார் வருகையென்று உணர்ந்து, நம் உடல் அவ்விடத்திற்கு மிகுதியான குருதியையும் காவல் செல்களையும் அனுப்புகிறது. நாம் காணும் சிவப்பு, அப்போரின் அடையாளம்.

வட்டம் ஏன் உருவாகிறது என்பது இன்னும் சுவையான கேள்வி. ஒரு வித்து தோலில் ஓரிடத்தில் முளைக்கிறது என்று கொள்வோம். அதிலிருந்து இழைகள் எல்லாத் திசைகளிலும் ஒரே வேகத்தில் வளர்கின்றன. நடுவில் உணவு குறைகிறது. உடலின் எதிர்ப்பும் அங்கேதான் முதலில் வலுப்பெறுகிறது. ஆகவே நடுப்பகுதி தெளியத் தொடங்குகிறது. விளிம்பிலோ புதிய இழைகள் புதிய உணவைத் தேடி முன்னேறுகின்றன. சிவப்பும் செதிலும் சிறு கொப்புளங்களும் விளிம்பில் மிகுந்து, நடுவில் குறைந்து, வளையம் ஒன்று தோன்றுகிறது. மழைக்குப் பின் புல்வெளியில் காளான்கள் சில வேளைகளில் வளையமாக முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கும் காரணம் ஏறத்தாழ இதுவே. இனிமேல் அத்தகைய வளையத்தைக் கண்டால் உற்று நோக்குங்கள்.

இப்பூஞ்சைகள் ஒரே வகையின அல்ல. ட்ரைக்கோபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோபைட்டான் என்னும் மூன்று பேரினங்களை மருத்துவர்கள் முதன்மையாகக் கூறுவர். சில வகைகள் மண்ணில் வாழ்கின்றன; சில மனிதரிடமே வாழ்ந்து மனிதரிடமே பரவுகின்றன; சில விலங்குகளை இருப்பிடமாகக் கொண்டவை. பூனையிடமிருந்து நமக்கு வருவது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் வகை. இலத்தீன் மொழியில் ‘கேனிஸ்’ என்றால் நாய். நாயின் பெயரைத் தாங்கிக்கொண்டு பூனையின் உரோமத்தில் மிகுதியாக வாழ்வது இப்பூஞ்சை. பெயர்களை நம்பி ஏமாறக்கூடாது என்பதற்கு மொழி வேறுபாடில்லை போலும்.

அடுக்ககங்களின் மாடிப்படிக்கு அடியிலும், ரயில்வே குடியிருப்புகளின் பின்புறத்திலும், படைவீரர் குடியிருப்புகளின் கிடங்குகளிலும் பூனைகள் குட்டி ஈனுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தாயைக் காணாது கத்தும் குட்டியை எடுத்துவந்து பால் வார்க்கும் குழந்தைகள் எல்லா ஊரிலும் உண்டு. இரக்கத்தால் செய்யும் அச்செயலில் குறையொன்றும் இல்லை. ஆனால் பூனைகளுள் இந்நோய் மிகுதியாகப் பற்றுவது குட்டிகளைத்தான். அவற்றின் நோய் எதிர்ப்பாற்றல் இன்னும் முதிர்ந்திருக்காது. நாவால் நக்கித் தூய்மை செய்துகொள்ளும் பழக்கமும் திருந்தியிருக்காது. பல பூனைகள் நெருக்கமாக அடைபட்டு வாழும் இடத்தில் நோய் விரைந்து பரவும். பாரசீகப் பூனை போன்ற நீண்ட உரோமம் கொண்டவற்றிலும் இது மிகுதி.

நோயுற்ற பூனையின் முகத்திலும் காது விளிம்பிலும் முன்னங்கால்களிலும் உரோமம் வட்டமாக உதிர்ந்திருக்கும். அவ்விடம் சாம்பல் படிந்தாற்போல் செதிலாகக் காணப்படும். சுற்றியுள்ள உரோமம் ஒடிந்து குட்டையாக நிற்கும். மனிதருக்கு உண்டாகும் அளவு அரிப்பு அதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே, அது சொறிந்துகொள்வதைக் கண்டு நாம் நோயை அறிய இயலாது. இதனினும் சிக்கலானது மற்றொன்று உண்டு. சில பூனைகளின் உடலில் எந்தக் குறியும் இராது. பளபளவென்று நலமாக இருக்கும். ஆனால் அவற்றின் உரோமத்தில் பூஞ்சையின் வித்துகள் ஒட்டியிருக்கும். இவற்றை நோய்க்கடத்திகள் என்பர்.

நாம் அப்பூனையைத் தூக்கிக் கன்னத்தோடு அணைக்கும்போது வித்துகள் நம் தோலுக்கு வருகின்றன. அவற்றை ‘ஸ்போர்’ என்று அறிவியலார் அழைப்பர். தோலில் சிறு கீறல் இருந்தாலோ, வியர்வை ஈரம் இருந்தாலோ அவை எளிதில் முளைக்கின்றன. பெரும்பாலும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களுக்குள் வட்டம் தென்படும். கையிலும் கழுத்திலும் முகத்திலும் மார்பிலும், அதாவது பூனையை அணைத்த இடங்களில், அது தோன்றுவது இயல்பு. ஒன்றுக்கு மேற்பட்ட வட்டங்கள் ஒரே வேளையில் தோன்றுவதும் உண்டு. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது மிகுதியாக வருவதற்கு, அவர்கள் பூனையோடு நெருங்கிப் பழகுவது ஒரு காரணம். தலைத்தோலைப் பொறுத்தவரை வேறொரு காரணமும் உண்டு. பருவ வயதிற்குப் பின் தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையில் உள்ள சில கொழுப்பு அமிலங்கள் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. சிறுவர்க்கு அந்தக் காப்பு இன்னும் அமையவில்லை. ஆகவே தலையில் வரும் படர்தாமரை பெரும்பாலும் சிறுவர் நோயாகவே இருக்கிறது.

தலையில் வருவதுதான் கவலைக்குரியது. பூஞ்சை முடியின் தண்டிலும் வேரிலும் நுழைந்துவிடுவதால், முடி தோலுக்கு மேலே சிறிது தூரத்தில் ஒடிந்துவிடும். திட்டாக வழுக்கை தோன்றும். அங்கே செதில் படிந்திருக்கும். சிலருக்கு அவ்விடம் வீங்கிச் சீழ் கோத்துக் கட்டிபோலாகும். அதனைக் கவனியாது விட்டால் தழும்பு ஏற்பட்டு, அந்த இடத்தில் மீண்டும் முடி முளைக்காமலும் போகலாம். இங்குதான் முன்பு குறிப்பிட்ட புழுவெட்டை வேறுபடுத்தி அறிய வேண்டும். புழுவெட்டில் முடி உதிர்ந்த இடம் செதில் இன்றி வழவழப்பாக இருக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் தன் முடிவேர்களையே பகையெனக் கருதித் தாக்குவதால் வருவது அது. அது எவரிடமிருந்தும் எவருக்கும் ஒட்டாது. அதுபோலவே முகத்திலும் முதுகிலும் வெளிறிய திட்டுகளாக வரும் தேமலும் வேறு நோய். தேமலுக்கும் ஒருவகைப் பூஞ்சையே காரணம் எனினும், அது பூனையிடமிருந்து வருவதன்று. மூன்றையும் ஒன்றெனக் கொண்டு ஒரே களிம்பைத் தடவுவோர் பலர்.

பூனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் மற்றொரு செய்தியையும் கூறியாக வேண்டும். நம் நாட்டில் காணப்படும் படர்தாமரையில் பெரும்பகுதி பூனையால் வருவதன்று. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதே. ஒரே துண்டைப் பலர் பயன்படுத்துதல், ஈரம் உலராத ஆடையை உடுத்துதல், இறுக்கமான உடையில் நெடுநேரம் வியர்த்திருத்தல் ஆகியவை அதற்கு வழிவகுக்கின்றன. கடந்த சில ஆண்டுகளாக இந்தியாவில் எளிதில் குணமாகாத படர்தாமரை பெருகிவருவதைத் தோல் மருத்துவர்கள் கவலையோடு எடுத்துரைக்கின்றனர். வழக்கமான மருந்துகளுள் ஒன்றான டெர்பினாபினுக்குப் பணியாத ஒரு பூஞ்சைக்கு 2020ஆம் ஆண்டில் அறிவியலார் ‘ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே’ என்று பெயரிட்டனர். அப்பெயரில் நம் நாட்டின் பெயர் ஒலிப்பது மகிழத்தக்கதன்று. இப்பூஞ்சை பரவுவதில் பூனைக்குப் பங்கு இல்லை.

வட்டத்தைக் கண்ணால் பார்த்தே மருத்துவர் பெரும்பாலும் நோயை அறிந்துகொள்வார். ஐயம் இருந்தால், விளிம்பிலிருந்து சிறிது செதிலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்ப்பர். அக்கரைசல் தோல் செல்களைக் கரைத்துவிடும். கரையாத பூஞ்சை இழைகள் நுண்ணோக்கியின் கீழ்க் கிளைவிட்ட நூல்களாகத் தெரியும். பூனைக்குச் செய்யும் ஆய்வு இதனினும் வேடிக்கையானது. புதிய பல்துலக்கியால் அதன் உடல் முழுவதையும் வாரி, அத்துலக்கியின் தூவிகளைப் பூஞ்சை வளர்க்கும் ஊடகத்தின்மேல் அழுத்துவர். வித்துகள் இருந்தால் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் அங்கே பூஞ்சை வளர்ந்து காட்டும். குறியே இல்லாத கடத்திகளையும் இவ்வாறு கண்டுபிடிக்கலாம்.

உட்ஸ் விளக்கு என்னும் கருவியும் உண்டு. அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட் உட் 1903இல் உருவாக்கிய வடிகட்டியை அடிப்படையாகக் கொண்டது அது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் தடுத்துப் புறஊதாக் கதிர்களை மட்டும் அவ்வடிகட்டி வெளிவிடும். 1925இல் பிரெஞ்சு மருத்துவர் இருவர், பூஞ்சை பற்றிய முடி அவ்வொளியில் பச்சையாக ஒளிர்வதைக் கண்டறிந்தனர். இருட்டறையில் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பற்றிய பூனையின்மேல் அவ்விளக்கைக் காட்டினால், நோயுற்ற உரோமங்கள் பச்சை ஆப்பிளின் நிறத்தில் மின்னும். ஆனால் ட்ரைக்கோபைட்டான் வகைகள் பெரும்பாலும் இவ்வாறு மின்னுவதில்லை. ஆகவே மின்னாத தோலை நலமான தோல் என்று முடிவுசெய்துவிட முடியாது.

இந்நோயின் காரணத்தை மனிதர் கண்டறிந்த வரலாறு நீண்டது. நுண்ணுயிர்கள் நோயை உண்டாக்கும் என்னும் கருத்தே உலகில் வேரூன்றாத காலத்தில், ஹங்கேரியில் பிறந்து பாரிசில் பணியாற்றிய டேவிட் குரூபி என்னும் மருத்துவர், 1840களில் நோயுற்ற குழந்தைகளின் முடியை நுண்ணோக்கியில் ஆராய்ந்து பூஞ்சையே காரணம் என்று அறிவித்தார். மைக்ரோஸ்போரம் என்னும் பெயரை 1843இல் வழங்கியவரும் அவரே. அவர் கூற்றை அக்கால மருத்துவ உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பாரிசின் புனித லூயி மருத்துவமனையில் பணியாற்றிய ரேமோன் சபூரோ அவ்வாய்வுகளை மீட்டெடுத்து விரிவாக்கினார். ஆய்வகங்களில் பூஞ்சை வளர்க்க இன்றும் பயன்படும் ஊடகம் சபூரோவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

காரணம் தெரிந்தது, மருந்து கிடைக்கவில்லை. முடியின் வேருக்குள் பதுங்கிய பூஞ்சையைக் களிம்பு எட்டுவதில்லை. எனவே, முடியையே முழுவதும் உதிரச் செய்துவிட்டால் பூஞ்சையும் நீங்கும் என்று கருதினர். முதலில் முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினர். பின்னர் 1904 முதல் சபூரோ எக்ஸ் கதிர்களைத் தலையில் செலுத்தி முடியை உதிர்க்கும் முறையை வகுத்தார். அம்முறை உலகெங்கும் பரவியது. 1948க்குப் பின் இஸ்ரேல் நாட்டிற்கு வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் குடிபெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் ஆயிரக்கணக்கானோர்க்கு இம்முறையில் மருத்துவம் செய்தனர். முடி மீண்டும் முளைத்தது, நோயும் நீங்கியது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து, அவர்களுள் சிலர்க்குத் தலையிலும் கழுத்திலும் கட்டிகளும் புற்றுநோயும் தோன்றுவது தெரியவந்தது. குழந்தைப் பருவத்தில் பெற்ற கதிர்வீச்சே அதற்குக் காரணம் என்பதை 1970களில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்க 1994இல் அந்நாடு சட்டம் இயற்றியது. உயிரைப் பறிக்காத ஒரு சிறு தோல்நோய்க்குக் கொடுத்த விலை அது.

விடிவு வேறொரு பூஞ்சையிடமிருந்தே வந்தது. 1939இல் இலண்டனில் ஆய்வாளர்கள் ஒருவகைப் பெனிசிலியப் பூஞ்சையிலிருந்து கிரிசியோபுல்வின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் மருத்துவப் பயன் உடனே தெரியவில்லை. 1958இல் ஜென்டில்ஸ் என்பவர், பூஞ்சை நோயுற்ற கினிப் பன்றிகளுக்கு அதனை உணவோடு கொடுத்து, நோய் நீங்குவதைக் கண்டார். உண்ட மருந்து குருதி வழியாகச் சென்று, புதிதாக உருவாகும் கெரட்டினில் படிகிறது. பழைய முடி வளர்ந்து விலக விலக, பூஞ்சைக்கு இடமில்லாமல் போகிறது. எக்ஸ் கதிரின் தேவை அன்றோடு முடிந்தது. தலைப் படர்தாமரைக்கு இன்றும் இம்மாத்திரையை மருத்துவர்கள் வழங்குகின்றனர். ஆறு வாரம், எட்டு வாரம், சில வேளைகளில் அதற்கு மேலும் உண்ண வேண்டியிருக்கும்.

உடலில் வரும் வட்டத்திற்குப் பெரும்பாலும் களிம்பே போதும். குளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினாபின் போன்றவை பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள். வட்டத்தின்மேல் மட்டும் பூசாமல், விளிம்பைத் தாண்டி ஓரிரு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். முன்னேறும் இழைகள் அங்கேதானே உள்ளன! அரிப்பு நின்றவுடன் களிம்பையும் நிறுத்திவிடுவது பலரின் வழக்கம். தோல் தெளிந்ததுபோல் தோன்றிய பின்னும் மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர்ந்து பூசினால்தான் எஞ்சிய இழைகள் அழியும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில களிம்புகள் ஓரிரு நாளிலேயே சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும். வீட்டில் எல்லாரும் அதனை நல்ல மருந்து என்று போற்றுவர். அக்களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பு என்பது உடல் பூஞ்சையோடு செய்யும் போரின் அடையாளம் என்று முன்னர்க் கண்டோம். ஸ்டீராய்டு அப்போரை நிறுத்திவிடுகிறது. ஆனால் பகைவனை அழிப்பதில்லை. காவலர் உறங்க, பூஞ்சை அமைதியாகப் பரவும். வட்டம் தன் வடிவத்தை இழந்து, மருத்துவரும் எளிதில் அடையாளம் காணமுடியாதவாறு மாறிவிடும். களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் கடுமையாக வெடித்தெழும். நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து வரிகள் விழும். நம் நாட்டில் இந்நோய் முரடாகிப் போனதற்கு இக்களிம்புகளின் தவறான பயன்பாடும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து கூறிவந்தனர். 2018இல் நடுவண் அரசு, 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று விதியைத் திருத்தியது. விதி வந்த பின்னும் பழக்கம் மாறுவது எளிதாக இல்லை. புதிய ஊரில் மொழி தெரியாத பெற்றோர், மருத்துவரிடம் செல்லத் தயங்கி, கடைக்காரரிடம் கையைக் காட்டி மருந்து வாங்கிவருவதுண்டு. அந்த ஊர் மொழியை நன்கறிந்த நீங்கள் அவர்களுடன் மருத்துவமனைக்குச் சென்று எடுத்துச் சொன்னால் அது பேருதவியாகும்.

சீமையகத்தி இலையை அரைத்துப் பூசும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. வண்டுகொல்லி என்றும் அச்செடியைக் கூறுவர். பாட்டி அதனைக் கூறினால் எள்ளி நகையாட வேண்டா. பூஞ்சையைத் தடுக்கும் சில பொருள்கள் அவ்விலையில் இருப்பதை ஆய்வகங்களும் கண்டுள்ளன. ஆயினும் தலையில் வந்த நோயை இலைச்சாறு எட்டாது என்பதை அவருக்கு அன்போடு விளக்கலாம்.

இனிப் பூனைக்கு வருவோம். வீட்டில் ஒரு குழந்தைக்குப் படர்தாமரை வந்துவிட்டது; மருத்துவர், “வீட்டில் பூனை உண்டா?” என்று கேட்டுவிட்டார். அன்று மாலையே பூனையைக் கோணிப்பையில் இட்டுத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடும் வீடுகள் உண்டு. இரக்கமற்ற செயல் என்பது ஒருபுறம் இருக்க, அது பயனற்ற செயலும் ஆகும். பூனை போய்விட்டாலும் அது உதிர்த்த உரோமம் மெத்தையிலும் நாற்காலியிலும் சீப்பிலும் இருக்கிறது. உரோமத்தில் ஒட்டிய வித்துகள் உகந்த சூழலில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்க வல்லவை. வீடு தூய்மையாகாது, நோயுற்ற குட்டி தெருவிலுள்ள மற்றப் பூனைகளுக்கும், அதனை எடுத்துக் கொஞ்சும் வேறொரு குழந்தைக்கும் நோயைக் கொண்டுசேர்க்கும்.

குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே தக்கது. உண்ணும் மருந்தும், கந்தகச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்தலும் பூனைக்குரிய மருத்துவத்தில் அடங்கும். அக்கரைசல் அழுகிய முட்டைபோல நாறும். மஞ்சள் நிறம் படியும். பூனைக்கும் அது பிடிக்காது. ஆயினும் நன்கு பயன்தரும். மனிதர்க்குரிய களிம்பைப் பூனையின்மேல் தடவக்கூடாது. அது நக்கி விழுங்கிவிடும். மருத்துவம் முடியும்வரை எளிதில் கழுவித் துடைக்கத்தக்க ஓர் அறையில் பூனையை வைத்திருக்க வேண்டும். அதனைத் தனிமையில் வாடவிட வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் நீண்ட கையுள்ள சட்டை அணிந்து சென்று உணவிட்டு விளையாடிவிட்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ளலாம். வீட்டில் முதியவரோ, வேறு நோயால் எதிர்ப்பாற்றல் குன்றியவரோ இருந்தால் அவர்கள் அப்பூனையைத் தொடாதிருப்பது நல்லது.

தூய்மை செய்யும்போது முதலில் உரோமத்தை அகற்ற வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் வீசிப் பெருக்கினால் வித்துகள் காற்றில் பறக்கும். ஈரத்துணியால் ஒற்றியெடுப்பதே முறை. விரிப்புகளையும் துண்டுகளையும் தனியே துவைத்து நன்கு உலர்த்த வேண்டும். தரையைச் சோப்பு நீரால் கழுவியபின், நீர்த்த வெளுப்புக் கரைசலால் துடைக்கலாம். இப்பணி பெரியவர்களுக்கு உரியது. வெளுப்புக் கரைசலோடு வேறு எந்தத் தூய்மைப் பொருளையும் கலக்கக்கூடாது, நச்சு வளிமம் எழும்.

பள்ளியைப் பற்றியும் ஒரு சொல். படர்தாமரை வந்த மாணவரைத் தனியே அமர்த்துவதும், அழுக்கானவர் என்று பேசுவதும் அறியாமை. நாள்தோறும் இருமுறை குளிப்பவர்க்கும் இந்நோய் வரும். மருத்துவம் தொடங்கிய மாணவர், வட்டத்தை ஆடையாலோ கட்டுத்துணியாலோ மூடிக்கொண்டு பள்ளிக்கு வரலாம். சீப்பு, தொப்பி, தலைக்கவசம், துண்டு ஆகியவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளாதிருத்தல் வேண்டும். பள்ளிக் கிரிக்கெட் அணியின் ஒரே தலைக்கவசத்தைப் பதினொருவரும் மாற்றி மாற்றி அணிவதை இங்கே நினைவுகூர்க.

பூனை குணமாகிவிட்டது என்று எப்போது சொல்வது? உரோமம் மீண்டும் அடர்ந்து வளர்ந்துவிட்டதைக் கண்டு மகிழ்ந்து மருத்துவத்தை நிறுத்துவோர் பலர். கால்நடை மருத்துவர் மீண்டும் பல்துலக்கியை எடுப்பார், பூனையை வாருவார், ஊடகத்தில் அழுத்திக் காத்திருப்பார். ஒன்றும் வளராவிட்டால் சில நாள் கழித்து இன்னொரு முறையும் அவ்வாறே செய்து பார்ப்பார். இரண்டாம் முறையும் ஊடகம் வெறுமையாகவே இருந்தால், குட்டியை அறையிலிருந்து வெளியே விடலாம்.

சொல்லும் பொருளும்

பூசணம் – ஈரமான பொருள்களின்மேல் படரும் பூஞ்சை
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம்
வித்து – விதை. இங்குப் பூஞ்சையின் ஸ்போர்
ஈனுதல் – குட்டி போடுதல்
அயலார் – வேற்றார்
நீர்த்த – நீர் கலந்து செறிவு குறைந்த
எள்ளி நகையாடல் – இகழ்ந்து சிரித்தல்

பயிற்சி

1. படர்தாமரைக்கு வழங்கும் பெயர்களுள் உருவத்தால் அமைந்தவை யாவை? காரணத்தைக் கருதி அமைந்தவை யாவை?

2. படர்தாமரையின் நடுப்பகுதி தெளிந்து, விளிம்பு மட்டும் சிவந்திருப்பது ஏன்?

3. புழுவெட்டுக்கும் தலையில் வரும் படர்தாமரைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.

4. “பூனையைத் தொலைவில் கொண்டுபோய் விட்டால் நோய் நீங்கிவிடும்” என்று கூறும் ஒருவருக்கு நீங்கள் கூறும் மறுமொழியைப் பத்து வரிகளில் எழுதுக.

5. ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் நன்மை செய்வதுபோல் தோன்றுவதற்குக் காரணம் என்ன?

6. சேர்த்து எழுதுக: தாமரை + இலை, தோல் + நோய், பூஞ்சை + இழை.

7. பொருத்தமான இளமைப் பெயரை எழுதுக: பூனை, பசு, கோழி, சிங்கம், ஆடு.

8. நீங்கள் வாழும் ஊரின் மொழியில் படர்தாமரை, தேமல், புழுவெட்டு ஆகியவற்றிற்கு வழங்கும் பெயர்களை அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்து, அவற்றின் பொருளைத் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.